நன்றியுரை பாக்கி

ஒரு கைப்பிடி போதும். அதற்கு மேல் வேண்டாம். உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, மனுஷனுக்கும் குடும்பம் இருக்கும். உச்சந்தலையில் பட்டு, பிடரி வழியாக இறங்கி, சட்டைக் காலருக்குள் புகுந்து, முதுகுத்தண்டோடு இடுப்பு பெல்ட் வரைக்கும் போய்ச் சேருகிற அளவுக்குக் கூரைக் காரை. கொஞ்சம் பொடியாக இருக்கட்டும், கண்ணுக்கு. ஒரே ஒரு கட்டி மட்டும் தனியாக, மணிக்கட்டுக்கு.

"நான் சொல்றது புரியுதாம்மா?" என்றார் வட்டாரப் பள்ளிக் குழுவின் தலைவர்.

"புரியுதுங்க சார்," என்றாள் அவள்.

அவளுக்கு வாய்த்த முகம் அப்படி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த முகம் ஒரே பாவனையில் நின்றுவிட்டது. உள்ளே அடுப்பு எரிந்தாலும் வெளியே புகை தெரியாது. அன்று காலையில் குழு அலுவலகத்துக்கு வந்தபோது, வாசல் குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே அவளிடம் அதே வாக்கியத்தைச் சொன்னார். தன் கடைச் சரக்கைத் தன் தலையிலேயே கட்டியதுபோல் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள்.

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். மூன்றாம் வகுப்பு. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அறைக்குள் வருமுன் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். தலைவரின் அறைக்கு மேலே வழவழப்பான வெள்ளைப் பலகைகள், நடுவில் வட்ட விளக்கு. கீறல் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலை உள்ளே வைத்தாள். இப்போதெல்லாம் எந்த அறைக்கும் அப்படித்தான் போகிறாள். வீட்டில் பாடம் எழுதுவதும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான்.

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் ஒரு பெருக்கல் கணக்குக் கேட்டார். மகளுக்கு விடை தெரியும். கையைத் தூக்கினாள். தூக்கிய கையின்மேல் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது.

"பாருங்கம்மா," என்றார் தலைவர், "நான் படிக்கும்போது கூரையே கிடையாது. மரத்தடி. மேல இருந்து காய் விழும், காக்கா எச்சம் விழும், ஒரு தடவை பாம்பே விழுந்துச்சு. நாங்க யாராவது புகார்னு வந்து நின்னோமா? இன்னிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்னா, மேல இருந்து விழுந்ததையெல்லாம் தாங்கிக்கிட்டதாலதான்."

"சரிங்க சார்."

"இன்னொண்ணு. அந்த வகுப்புல அத்தனை பிள்ளைங்க இருந்தாங்க. அடிபட்டது ஒருத்தருக்கு. அடிபடாதவங்களைப் பத்தி ஒருத்தராவது வாயத் திறக்குறாங்களா? இந்த ஊரோட வியாதியே இதுதான்."

அவள் தான் கேட்க வந்ததைக் கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புக்கு அடுத்த அறை காலியாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே மாற்றினால் போதும்.

"காலி இல்லம்மா. அது நம்ம செய்தி ஸ்டுடியோ."

"தெரியும் சார். அங்க கூரை நல்லா இருக்கு."

"கூரை நல்லா இருக்கிறதாலதான் அங்க ஸ்டுடியோ வெச்சோம். உள்ள கேமரா இருக்கு, லைட் இருக்கு. அதுங்க மேல ஏதாவது விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது?"

அவள் வழவழப்பான வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். கைப்பிடி போதாது, ஒரு முறம் வேண்டும் என்று தோன்றியது.

*

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் பெற்றோர் எல்லாருடைய போனிலும் ஒரு மணியோசை கேட்கும். 'நம் வட்டாரம், நம் பெருமை' வந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளிக் குழுவின் செய்தி மடல். பள்ளிகளில் என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது வரும். அந்த வாரம் தலைப்புச் செய்தி இப்படி இருந்தது:

'மூன்றாம் வகுப்பில் மேற்கூரையின் ஒரு பகுதி மாணவர்களிடையே இறங்கியது. கற்றல் தடைப்படவில்லை.'

அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: 'மாணவி ஒருவர் இடக்கையால் எழுதுவதில் ஆர்வம் காட்டி வருகிறார்.' கூடவே சிரித்த முகமாக ஒரு சிறுமியின் படம். யார் பெற்ற பிள்ளையோ.

"இறங்கியதுன்னு போட்டிருக்கான்," என்றார் கணவர். அவர் மரச்சாமான் கடை ஒன்றில் வண்டி ஓட்டுகிறார். பீரோவை மாடிக்கு ஏற்றுவதும் இறக்குவதும் அறிந்தவர். "பஸ்ல இருந்து இறங்கின மாதிரி. டிக்கெட் வாங்கிச்சான்னு கேளு."

மகள் மேஜைக்கு அடியிலிருந்து, "எனக்கு ஆர்வமே இல்லப்பா," என்றாள்.

ஆனால் ஆர்வத்துக்கு எதிராக ஒரு தனி ஆள் என்ன செய்ய முடியும். அடுத்த வாரம் வட்டாரம் முழுவதும் 'இடக்கை வாரம்' அறிவிக்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் இடது கையால் எழுத வேண்டும்; இரு கையாலும் எழுதும் தலைமுறையை உருவாக்குவதில் நம் வட்டாரமே முன்னோடி. பிறவியிலேயே இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று மேலிடத்துக்கு விளங்காததால் விடுமுறை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரக் கடைசியில் போட்டி நடந்தது. மகளுக்குப் பரிசு இல்லை. அவள் வேறு வழியில்லாமல் எழுதியவள், தன்னார்வப் பிரிவில் சேர்க்க முடியாது என்று நடுவர்கள் கருதினார்களாம்.

மகளுக்காக அவள் மறுபடியும் குழு அலுவலகத்துக்குப் போனாள். மறுபடியும் உட்கார்ந்தாள். இந்த முறை செய்தி அலுவலர் வந்து பேசினார். இளைஞர், குரல் தேனில் தோய்த்த பஞ்சு.

"மேடம், நாங்க உங்க பொண்ணு விஷயத்தை ஆழமா ஆராய்ஞ்சு பார்த்தோம். பிரச்சினை கூரையில இல்ல. பிள்ளைங்க அதை அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறாங்க பாருங்க, அதுலதான். பார்க்கிறதுக்கு நல்லதா ஏதாவது இருந்தா பயம் போயிடும்."

"காரை விழறது?"

"செய்தின்னா விழறதைச் சொல்றதில்ல மேடம். விழுந்த பிறகு மனசை எப்படி வெச்சுக்கணும்னு சொல்றது."

அப்படித்தான் அந்தத் துணி வந்தது. மூன்றாம் வகுப்பின் கூரையை ஒரு மூலையும் விடாமல் மறைத்து, நான்கு சுவர்களிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டிய நீலத் துணி. அதில் வெள்ளை மேகங்கள், நடுவில் சிரிக்கிற சூரியன். கூரையைச் செப்பனிட ஒதுக்கியிருந்த பணம் முழுக்க அதற்குப் போயிற்று, நல்ல துணியாம். 'வகுப்பறைக்குள் வானம்' என்று மடலில் செய்தி வந்தது.

காரை விழுவது நிற்கவில்லை. சத்தம்தான் நின்றது. விழுந்ததெல்லாம் துணிமேல் 'பொத்'தென்று உட்கார்ந்துகொண்டது. தரையில் தூசி இல்லாததைக் கண்டு அந்த வகுப்புக்குத் தூய்மை விருது கொடுத்தார்கள். சில வாரங்களில் துணி நடுவில் சரிந்து தொங்க ஆரம்பித்தது.

"வானத்துக்கு வயிறு வந்திருக்கும்மா," என்றாள் மகள். "சூரியன்தான் தொப்புள்."

"நீ எங்க உட்கார்ற?"

"ஓரத்துல. எல்லாரும் ஓரத்துலதான். டீச்சர்கூட."

"கேள்வி கேட்டா?"

மகள் பென்சிலை உருட்டினாள். "நான் கை தூக்குறதில்ல."

அன்று பாத்திரம் துலக்கும்போது அவள் தன் வழக்கமான வேலையைத் தொடர்ந்தாள். சில நாட்களாகவே சிங்க்கின் முன் நின்று, தவணை முறையில், தலைவரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவருடைய காருக்குள் காரை விழும். ஒரு நாள் அவர் கொட்டாவி விடும்போது. இன்னொரு நாள் அவர் கடைவாய்ப் பல் வலியோடு மருத்துவமனைக்கு வருவார், அவள் மேஜைக்குப் பின்னாலிருந்து நிமிராமல், கொஞ்சம் உட்காருங்க என்பாள். சாயங்காலம் ஆகும். விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுவார்கள். அவர் உட்கார்ந்தே இருப்பார்.

இத்தனை காலம் தனக்குள் இப்படி ஒருத்தி குடியிருந்தது அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் பயமாக இருந்தது. கொஞ்சம் துணையாகவும் இருந்தது. ஆனால் துலக்கிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும்போது ஒன்று தெளிவாயிற்று. தன் கோபமெல்லாம் அந்த மனிதர்மேல் அல்ல. 'புரியுதுங்க சார்' என்று சொன்ன ஒரு வாய் இருக்கிறதே, அதன்மேல்தான். கேட்காதபோதே சரி என்று சொல்லிவிடுகிற வாய். பிள்ளையின் கை ஒடிந்தபோதும் முதலில் சரி என்றே சொன்ன வாய்.

*

தலைமையாசிரியைக்குப் பல் வலி வந்தது. வலப்பக்கக் கன்னம் பந்துபோல் வீங்க, துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த அந்த அம்மாள், அதுவரை எந்த விஷயத்திலும் வாயைத் திறக்காமல் கரையேறிவிட வேண்டும் என்று இருந்தவர். இப்போது திறக்கவும் முடியவில்லை.

"கொஞ்சம் உட்காருங்க டீச்சர், கூப்பிடுவாங்க."

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்னு வெச்சுக்கோ," என்றார் தலைமையாசிரியை பாதி வாயால். "உனக்கு விருது குடுக்கப் போறாங்க."

"எனக்கா? எதுக்கு?"

"'விழிப்புள்ள பெற்றோர்'. கேடயம் எல்லாம் செஞ்சாச்சு. அடுத்த குழுக் கூட்டத்தை மூணாம் வகுப்புலயே வைக்கிறாங்க, அந்தத் துணிக்குக் கீழ. தலைவர் சூரியனுக்கு அடியில உட்காரணும், போட்டோ வரணும், ரூம் பத்திரமா இருக்குன்னு செய்தி போடணும். கடைசியில நீ நன்றியுரை சொல்லணும்."

"நான் ஏன் டீச்சர்?"

தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே ஒரு முதியவர் வாயில் பஞ்சோடு சுவரை வெறித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மெல்லச் சொன்னார்.

வட்டாரப் பள்ளிக் குழுவில் ஒரு புகாரை முடிக்க ஒரே வழிதான் உண்டு. புகார் கொடுத்தவர் கூட்டத்தில் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் புகார் தீர்ந்தது. தீர்ந்ததை யாரும் மறுபடி தோண்ட முடியாது. முன்பெல்லாம் யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது. ஒரு தடவை கழிப்பறைப் புகாருக்குத் தலைவரின் கார் டிரைவரே தகப்பன் என்று எழுந்து நன்றி சொன்னார். அது வெளியே வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. அதிலிருந்து புகார் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும், வேறு வாய் செல்லாது என்று விதி போட்டார்கள்.

"நன்றியுரை சொன்னாத்தான் கூட்டமே முடியும். அதுக்கு முன்னாடி குழுவில யாரும் எழுந்து போகக் கூடாது."

"போனா?"

"பதவி போயிடும். துணைத் தலைவர் கட்சி அப்பப்போ எழுந்து வெளிநடப்பு பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அவங்களைக் கட்டிப்போடத் தலைவரே கொண்டு வந்த விதி. நன்றியுரைக்கு முன்னாடி இடத்தை விட்டு எழுந்தவர், பதவியை விட்டு எழுந்தவர். தலைவருக்கும் சேர்த்துத்தான் எழுதித் தொலைச்சிட்டாங்க, அவசரத்துல."

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை எழுந்து, அவள் கையைப் பிடித்தார். "ஒரு வார்த்தைதானேம்மா. சொல்லிடு. நான் நிம்மதியா ஓய்வு வாங்கணும்."

வீட்டில் கணவரும் அதையே சொன்னார். "நன்றின்னு சொல்ல காசா பணமா? சொல்லிட்டு வா. வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில கட்டிக்கிற. வேணும்னா மனசுக்குள்ள ரெண்டு திட்டு திட்டிக்கோ."

"மனசுக்குள்ள இடம் இல்லைங்க," என்றாள் அவள். "ரொம்பிடுச்சு."

என்றாலும் குளியலறையில் கண்ணாடிமுன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றி. அனைவருக்கும் நன்றி. வாய் பழக்கப்பட்ட வாய்; தடங்கல் இல்லாமல் வந்தது.

*

கூட்டம் பிற்பகலில் தொடங்கியது. குழு உறுப்பினர்கள் மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. சூரியன் தலைக்கு நேர் மேலே வர வேண்டும் என்று செய்தி அலுவலர் நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி, கடைசியில் அந்தத் துணி வயிற்றின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு அடியில் நிறுத்தினார். தலைவர் நிமிர்ந்தால் முடி துணியில் உரசும். எதிரே துணைத் தலைவர். ஒல்லியான மனிதர், கண் மட்டும் பெரிது. அந்தக் கண் தலைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, ஓர் அங்குலம் எழுகிறதா என்று.

பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டது.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாவுக்கட்டை முந்தின வாரம்தான் பிரித்திருந்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோபோல் தொங்கியது. செய்தி அலுவலர் குனிந்து, "பாப்பா, உள்ள வந்து தலைவர் ஐயா பக்கத்துல நில்லு, போட்டோ எடுக்கலாம்," என்றார்.

"மாட்டேன்."

"ஏன் பாப்பா? அழகா வானம் இருக்கே."

"நீங்க நில்லுங்க."

செய்தி அலுவலர் சிரித்துக்கொண்டே கேமராவுக்குப் பின்னால், வாசலோரமாக, போய் நின்றார்.

தலைவர் பேசினார். நீளமாகப் பேசினார்.

"இந்த அறையைப் பத்தி என்னென்னமோ வதந்தி. நான் கேட்கிறேன், விழுந்தது எது? காரையா? இல்ல. நம்ம பழைய மனப்பான்மை விழுந்தது. அதுக்கு மேல ஒரு வானத்தைக் கட்டியிருக்கோம். உலகத்துல எந்த அரசாங்கமாவது வானம் கட்டியிருக்கா? நான் ஒளிவுமறைவு இல்லாதவன். எதையும் மறைச்சுப் பழக்கமில்ல. மறைச்சா நல்ல துணியாப் போட்டுத்தான் மறைப்பேன்."

கைதட்டினார்கள். தலைக்குமேல் 'பொத்'தென்று ஒன்று விழுந்தது. துணி ஒருமுறை மூச்சுவிட்டதுபோல் ஆடி அடங்கியது. தலைவர் கைதட்டலின் எதிரொலி என்று எடுத்துக்கொண்டார்.

கேடயம் கொடுத்தார்கள். அவள் சுவரோரமாகவே நடந்து வந்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டு, மறுபடி சுவரோரமாகவே போனாள். "இப்போது நன்றியுரை," என்று அறிவித்தார் செய்தி அலுவலர். உறுப்பினர்கள் செருப்பைக் காலால் தேடினார்கள். ஒருவர் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. அனைவருக்கும். வாயைத் திறந்தாள்.

அப்போது வாசலில் மகள் கையைத் தூக்கினாள்.

காரை விழுந்த நாளிலிருந்து தூக்காத கை. முழங்கை மடங்கி, பாதிதான் எழுந்தது. இன்னொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் துணியில் இருந்தது. ஏதோ சொல்ல வேண்டும், அனுமதி வேண்டும். வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி காத்திருந்தாள்.

தலைவர் பார்த்தார். பெருந்தன்மையோடு சிரித்தார். "கேள்வி நேரம் முடிஞ்சிடுச்சு பாப்பா. கையை இறக்கு."

மகள் இறக்கினாள்.

அவ்வளவுதான். அவள் திறந்த வாயை மூடினாள். நாக்கின் நுனியில் நின்ற வார்த்தை திரும்பி நடந்து உள்ளே போவதை அவளால் உணர முடிந்தது. அது போன இடத்தில் சிங்க்கின்முன் நிற்கிற அந்த இன்னொருத்தி கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்தார்கள். செய்தி அலுவலர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லும்மா," என்றார் தலைவர்.

அவள் வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து பார்க்கிற முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

"ஒரே வார்த்தைம்மா. அனைவருக்கும்கூட வேண்டாம். வெறும் நன்றின்னு சொன்னாப் போதும்."

சாவி எடுத்தவர் சாவியைப் பைக்குள் போட்டார்.

"விதியை மாத்திடலாமே," என்றார் ஓர் உறுப்பினர், காலை மாற்றிப்போட இடமில்லாமல்.

"மாத்தலாம். அடுத்த கூட்டத்துல வெச்சு மாத்தலாம்," என்றார் செய்தி அலுவலர்.

"அடுத்த கூட்டம் எப்போ?"

"இந்தக் கூட்டம் முடிஞ்சதும்."

"எனக்கு பாத்ரூம் போகணும்," என்றார் வேறொருவர். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரும் போகவில்லை.

தலைக்குமேல் 'பொத்'. அதைத் தொடர்ந்து இன்னொன்று. இம்முறை கைதட்டல் இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது. சூரியன் இன்னும் கீழே இறங்கி, தலைவரின் வகிட்டைத் தொட்டுக்கொண்டு சிரித்தது. தலைவர் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேணா வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்குங்க தலைவரே," என்றார் துணைத் தலைவர் கனிவாக. "இங்க நாங்க பார்த்துக்கிறோம்."

"நீங்க போங்க."

"ஐயோ, நான் உங்களை விட்டுட்டா?"

"நாற்காலியை மட்டும் நகர்த்தலாமா?"

"எழுந்திரிக்காம நகர்த்த முடியும்னா தாராளமா நகர்த்துங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

துணியின் தையலில் ஒரு சிறு பிரிவு. அதன் வழியாகப் பொடி மெல்ல உதிர்ந்து தலைவரின் தோளிலும் பிடரியிலும் இறங்கியது. காலருக்குள் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை தவணையாக நினைத்து நினைத்து வைத்திருந்தது கண்ணெதிரே நடக்கும்போது மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாமல் வந்தது.

"ஏம்மா, உனக்கு என்னதான் வேணும்?" தலைவரின் குரல் இறங்கியிருந்தது. "அடுத்த ரூமா? பரிசீலிக்கிறேன். குழு அமைச்சு, ஆய்வு பண்ணி... முதல்ல நன்றி சொல்லு."

சுவரோரம் நின்றிருந்த தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார். பல் பிடுங்கிய பிறகு அன்றுதான் முதல்முறையாக வாய் முழுசாகத் திறந்தது. "ஸ்டுடியோ சாவி என்கிட்டதான் இருக்கு," என்றார், யாரிடமும் சொல்லாததுபோல்.

"அதுக்கு?"

"நான் குழு உறுப்பினர் இல்லையே. நான் போகலாம்." போனார். பக்கத்து அறையில் பூட்டுத் திறக்கும் ஓசை கேட்டது. பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவளுடைய கணவர், பெஞ்சு தூக்குவது தொழிலானவர், காலியாக இருந்த முதல் பெஞ்சைப் பிடித்து அலேக்காகத் தூக்கினார். மற்றவர்கள் அடுத்ததைத் தூக்கினார்கள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்று கத்தினார் தலைவர், கழுத்தை நிமிர்த்தாமல்.

தலைமையாசிரியை வாசலில் தலையை நீட்டினார். "கூட்டம் முடியட்டும் சார். எழுத்துல விளக்கம் தர்றேன்."

கேமராவை வெளியே வைத்தார்கள். விளக்குகளை வெளியே வைத்தார்கள். செய்தி அலுவலர் இரண்டுக்கும் நடுவில் ஓடினார். கரும்பலகை போயிற்று, அலமாரி போயிற்று, பிள்ளைகளின் குடிநீர்ப் பானைகூடப் போயிற்று. உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளையும், கைவைத்த நாற்காலியையும் தவிர அந்த அறையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் அறையில் அவர்கள், பேருந்து வராத நிறுத்தத்தில் காத்திருக்கிறவர்கள்போல் இருந்தார்கள்.

மகள் அடுத்த அறையின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். உள்ளே போனாள், நடுப்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சுவரோரமாகவே அம்மாவிடம் ஓடி வந்து, "நல்லா இருக்கும்மா," என்றாள்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். உறுப்பினர்களின் முகங்களெல்லாம் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

"அதான் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டீங்களே," என்றார் தலைவர். புருவத்தில் வெள்ளை அப்பியிருந்தது. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. "கேட்டது கிடைச்சாச்சு. இப்பவாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்மா. எல்லாரும் வீட்டுக்குப் போகணும் இல்ல?"

அவள் கேடயத்தை மகளின் தலைக்குமேல் குடைபோல் பிடித்துக்கொண்டு, துணியின் ஓரத்தைக் கடந்து, வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். குரல் உயரவில்லை. ஆண்டுக்கணக்கில் பழகிய குரல்.

"கொஞ்சம் உட்காருங்க சார்," என்றாள். "கூப்பிடுவாங்க."